கலிபோர்னியாவின் லாங் பீச்சில் கம்போடிய மாணவர்களின் பட்டமளிப்பு விழா: போனவர்கள் பகிருங்கள்

அலைவரிசை:
அறைத்தோழன் கூப்பிட்டான், போனேன். பல்கலைக்கழகத்தின் பெரிய பட்டமளிப்பு வேறு, கம்போடிய மாணவர் சங்கம் நடத்தும் இது வேறு, தெரியும்தானே. ஆசி நடனம், பூ தூவல் எல்லாம் ஆன பிறகு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, பெற்றோர் மேடையேறி அங்கோர் வாட் பொறித்த ஸ்டோலை (கழுத்தில் போடும் பட்டைத் துணி) பிள்ளைக்குப் போட்டுவிடுகிறார்கள். அவன் அம்மாவும் போட்டார். ஆனால் இறங்கவில்லை. அவன் தலையிலிருந்த பட்டத் தொப்பியைக் கழற்றித் தான் வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்து நின்றார். அரங்கமே சிரித்துக் கைதட்டியது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. 1975-ல் கம்போடியாவில் கெமர் ரூஜ் என்ற தீவிர கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சி வந்து பள்ளிகளை மூடியபோது அவர் மூன்றாம் வகுப்பாம். அதோடு படிப்பு நின்றது என்று திரும்பும்போது காரில் சொன்னான்.

கிழக்குக் காற்று:
என்னுடன் வேலை பார்த்த பெண்ணின் விழா. அவள் அண்ணன் தாய்லாந்து எல்லையில் காவோ இ தாங் அகதி முகாமில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா வந்தவர். இளவயதில் ஒரு வழக்கு, சிறை. குற்றத் தண்டனை பெற்ற, குடியுரிமை இல்லாதவர்களை நாடுகடத்தும் 1996 அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் இருக்கிறதே, அதன்படி பிறகு கம்போடியாவுக்கே அனுப்பிவிட்டார்கள். அதற்கு முன் அவர் கால் வைத்தே இராத நாடு! பெயர் கூப்பிட்டதும் இவள் வீடியோ அழைப்பில் அவரை உயர்த்திப் பிடித்தபடி மேடையேறினாள். புனோம் பென்னில் மறுநாள் காலை. துக்துக்கை ஓரங்கட்டிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார். கைகுலுக்கும் நேரத்தில் படம் உறைந்துவிட்டது. அறிவிப்பாளருக்கு என்ன தெரியும், அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார். கீழே வந்து மறுபடி கூப்பிட்டாள், எடுக்கவில்லை. "சவாரி வந்திருக்கும்" என்றாள்.

மதுரைக்காரன்:
நான் பார்த்த ஆண்டு கம்போடியாவின் அப்சரா நடனம் வைத்தார்கள். அச்சு அசல் நம்ம பரதநாட்டியம்! இங்கிருந்து போனதுதானே எல்லாம்?

சலங்கை:
மதுரைக்காரன், எதையும் "நம்மது" என்று முடித்துவிட வேண்டாம். கம்போடியர்களின் கெமர் எழுத்துக்குப் பல்லவ எழுத்து மூலம், அது சரி. நடனம் அப்படியில்லை. பரதத்தில் தட்டடவு அரங்கை அதிர வைக்கும். அங்கே பாதம் தரையில் படுவதே கேட்காது, விரல்கள் பின்னோக்கி வளையும். இன்று பார்க்கும் அப்சரா நடனம் கடந்த நூற்றாண்டின் நடுவில் கம்போடியாவின் கொஸமாக் அரசி முன்னின்று உருவாக்கியது. பேத்தி போபா தேவி இளவரசிதான் அதன் முதல் நட்சத்திரம். கெமர் ரூஜ் காலத்தில் அரண்மனை நடனக் கலைஞர்களில் பெரும்பாலோர் இறந்தே போனார்கள். தப்பியவர்கள் அகதி முகாம்களில்கூடக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் போன விழாவில் ஆடிய பெண்ணுக்கு மேடை ஓரத்தில் நின்ற பாட்டி கண்ணாலேயே மணிக்கட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். அவரைத்தான் பார்த்தேன், நடனத்தை அல்ல.

பயணி:
எனக்கு ஒரே ஒரு அனுபவம். உட்கார இடமில்லை, முன்னாலிருந்த முதியவர் தன் கிரமாத் துண்டை எடுத்துவிட்டு இடம் தந்தார். சரி, இனிமேல் போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். வணங்கும்போது கை உயரத்துக்குக் கணக்கு உண்டு: நண்பருக்கு நெஞ்சுக்கு நேரே, வயதில் மூத்தவருக்கு வாய்க்கு நேரே, பெற்றோர், ஆசிரியருக்கு மூக்குக்கு நேரே, பிக்குவுக்குப் புருவம் வரை. பெண்கள் பிக்குவிடம் எதையும் கையில் நேராகக் கொடுக்கக் கூடாது. குழந்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் தலையைத் தொடாதீர்கள். பொம்மை, பூச்செண்டு எல்லாம் வேண்டாம், உறையில் பணம் வைத்துக் கொடுங்கள், அதுதான் வழக்கம். பெரியவர்களிடம் கெமர் ரூஜ் தலைவர் போல் போட்டின் காலத்தைப் பற்றி நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். பசித்தால் அனாஹெய்ம் தெரு; 2007-லிருந்து அந்தப் பகுதிக்குக் கம்போடியா டவுன் என்றே பெயர். காலையிலேயே போனால் நல்ல அரிசி நூடுல்ஸ் சூப் கிடைக்கும். வண்டியில் போகிறவர்கள் வாகன நிறுத்தக் கட்டணத்தை முதலிலேயே கட்டிவிடுங்கள், விழா எதிர்பார்ப்பதைவிட நீளும்.