கவாசாகி மோட்டார்சைக்கிளின் வேர் எது: விமானமா, மெகுரோ என்ற பழைய மோட்டார்சைக்கிள் நிறுவனமா?

இழுவிசை:
ஹோண்டா, சுசுகி, யமஹா மூன்றிலிருந்தும் கவாசாகியைப் பிரித்துக் காட்டுவது அதன் பிறப்பே என்பது என் வாதம். கவாசாகி ஷோசோ 1878இல் டோக்கியோவின் சுகிஜி பகுதியில் தொடங்கிய கப்பல் கட்டும் தளம், 1896இல் கோபேயில் பங்கு நிறுவனமாகி, ரயில் பெட்டி, விமானம் என்று விரிந்தது. இரண்டாம் உலகப் போரில் ‘ஹியன்’ போர்விமானத்துக்கு எஞ்சின் செய்த அகாஷி ஆலைக்கு, தோல்விக்குப் பின் விமானத் தயாரிப்பு தடைசெய்யப்பட்டதால், வேறு வேலை தேவைப்பட்டது. 1960இல் அதே அகாஷியில்தான் மோட்டார்சைக்கிளுக்கென்றே தனித் தொழிற்கூடம் எழுந்தது. ஆகவே கவாசாகி வண்டி விமானப் பொறியியலின் நேரடி வாரிசு.

பழைய எஞ்சின்:
வரலாற்றை ஏற்கிறேன், முடிவை ஏற்க இயலவில்லை. 1953 வாக்கில் கவாசாகியிடம் இருந்தது பிறருடைய வண்டிகளுக்கு விற்கும் சிறிய எஞ்சின் மட்டுமே. பெரிய நான்கு ஸ்ட்ரோக் வண்டியைக் கட்டும் அனுபவம் 1924இல் தொடங்கிய மெகுரோ நிறுவனத்திடம் இருந்தது. அதனுடன் 1960இல் கைகோத்த கவாசாகி 1964இல் அதைத் தன்னுள் இணைத்துக்கொண்டது. 1966இல் வந்த 624 சிசி டபிள்யூ1, மெகுரோவின் கே2 வழியில் வந்தது. அந்த வரிசையோ பிரிட்டனின் பிஎஸ்ஏ நிறுவனத்து ஏ7 வண்டியை முன்மாதிரியாகக் கொண்டது. இதில் விமானம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

இழுவிசை:
டபிள்யூ1ஐ மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதுவது நியாயமன்று, நண்பரே. 1962இல் வந்த 125 சிசி பி8 மெகுரோவின் படைப்பன்று. அதன் மோட்டோகிராஸ் (கரடுமுரடான மண்தடப் பந்தய) வடிவம் 1963இல் ஹியோகோ மாகாணப் பந்தயத்தில் முதல் ஆறு இடங்களையும் பிடித்தது. 60 குதிரைத்திறன் கொண்ட மூன்று சிலிண்டர் எச்1, ஹோண்டா சிபி750 முந்திக்கொண்டதால் 750 சிசி திட்டத்தைக் கைவிட்டு 903 சிசியாக 1972இல் வெளிவந்த இசட்1 ஆகிய இரண்டிலும் மெகுரோவின் சாயலே இல்லை.

பழைய எஞ்சின்:
மெகுரோ இல்லை என்பதாலேயே விமானம் என்று ஆகிவிடாது. ஹியனின் எஞ்சினே ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்திடம் உரிமம் பெற்றுச் செய்த, திரவத்தால் குளிரும் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின். காற்றால் குளிரும் இசட்1 அதிலிருந்து எதைப் பெற்றது? எச்1ஐயும் இசட்1ஐயும் வடிவமைத்தது அமெரிக்கச் சந்தையின் வேகப் பசி என்றே நான் கருதுகிறேன்.

கோபேவாசி:
இருவரும் 1969ஐ விட்டுவிட்டீர்கள். கப்பல், ரயில் பெட்டி, விமானம் என்று தனித்தனியே இயங்கிய மூன்று கவாசாகி நிறுவனங்களும் அவ்வாண்டில்தான் ஒன்றாயின. அதுவரை மோட்டார்சைக்கிள் விமான நிறுவனத்தின் பொருளாகவே இருந்தது. எனவே எச்1 உருவானதும் அங்கேதான். 2014இல் அறிமுகமான எச்2 வண்டியின் சூப்பர்சார்ஜரை (எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவியை) வெளியே வாங்காமல், தன் எரிவாயுச் சுழலி, விண்வெளிப் பிரிவுகளின் துணையோடு தானே செய்துகொண்ட மோட்டார்சைக்கிள் நிறுவனம் வேறொன்றை என்னால் காட்ட முடியாது.

பழைய எஞ்சின்:
எச்2வைப் பொறுத்தவரை உங்கள் சான்று வலுவானது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் 1960களைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. 2021 பிப்ரவரியில் கவாசாகியே மெகுரோ கே3 என்று பெயரிட்டு ஒரு வண்டியை ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மோட்டார்சைக்கிள் பிரிவைக் கவாசாகி கனரகத் தொழில் நிறுவனத்திலிருந்து பிரித்து, கவாசாகி மோட்டார்ஸ் என்று தனி நிறுவனமாக்கியது.