மத்தீஸ் கத்தரிக்கோலை எடுத்தது எப்போது?

வாக்குவா தாத்தா: சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸை அறிமுகப்படுத்திய ஆசிரியை ஒருவர், "நோயில் விழுந்ததால்தான் அவர் தூரிகையை விட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார்" என்று கற்பித்ததாக இங்கே பெருமையோடு எழுதியிருக்கிறார். என் பேத்தியும் அதை அப்படியே ஒப்பிக்கிறாள். 1941இல் அவருக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்தது உண்மைதான். ஆனால் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, அமெரிக்காவில் பார்ன்ஸ் என்பவருக்காக 'நடனம்' என்ற சுவரோவியத்தைத் திட்டமிட்டபோது, வண்ணத்தாள்களை வெட்டி, குண்டூசியால் குத்தி, இடம் மாற்றி மாற்றிப் பார்த்தவர் அவர். 1931இல் எந்த நோய் அவரைப் படுக்கவைத்தது?

மோக்கா ஆசிரியை: ஐயா, "ஆசிரியை ஒருவர்" என்று சுற்றிவளைக்க வேண்டாம், அது நான்தான். 1931இல் தாள் வெறும் ஒத்திகை. நோய்க்குப் பிறகு தாளே படமாயிற்று. சக்கர நாற்காலியில் அமர்ந்து அவர் வெட்ட வெட்ட, உதவியாளர்கள் சுவரில் பொருத்திய 'நத்தை' (1953) ஏறக்குறைய மூன்று மீட்டர் சதுரம். எட்டு வயதுப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, தாளுக்கு வண்ணம் பூசிக் காயவைத்து, பென்சில் கோடே போடாமல் வெட்டினார்கள். ஒருவனுக்கு மீனின் வால் அறுந்து விழுந்தது. அவன் அழவில்லை, அதைத் தள்ளி ஒட்டி, "இது குட்டி மீன்" என்றான். இதற்கு நடுவில் உங்கள் 1931ஐ நான் எங்கே ஒட்டுவது?

ரோஸ்ஹில் தம்பி: வெட்டி ஒட்டுவதெல்லாம் ஓவியமென்றால், கோவிலுக்குத் தென்னங்குருத்தில் தோரணம் கிழிக்கும் என் பெரியம்மாவும் ஓவியர்தான். 1902இல் நம் மொரீஷியஸின் இதே வாக்குவாவில் பிறந்து, ஐம்பது வயதையொட்டித் தூரிகை பிடித்த நம் எழுத்தாளர் மால்கம் தெ ஷாசாலைச் சொல்லிக்கொடுக்காமல் பிரான்சுக்கு ஓடுவானேன்?

வாக்குவா தாத்தா: தம்பி, ஷாசால் எங்கள் ஊர்க்காரர், அவரை எனக்குச் சொல்ல வேண்டாம். இங்கே கேள்வி 1931. ஒத்திகையானாலும் வெட்டியது வெட்டியதுதான். சென்ற ஆண்டுக் கோலப்போட்டியில் ஒரு புள்ளி தவறியதென்று என் பேத்திக்கு மதிப்பெண் குறைத்தவர், பத்தாண்டு தவறினால் மட்டும் பெருந்தன்மை காட்டுகிறார்.

மோக்கா ஆசிரியை: கோலத்துக்கு நடுவர்கள் மூவர், தாங்கள் மறக்காதது என்னை மட்டுமே. மனைவியின் முகத்தின் நடுவே மத்தீஸ் பச்சைக் கோடு இழுத்த 1905ஆம் ஆண்டுப் படத்தைக் காட்டியபோது, "அவருக்குக் கோபமா?" என்று முதலில் கேட்டவள் தங்கள் பேத்திதான். அதையும் வீட்டில் ஒப்பித்தாளா?

வாக்குவா தாத்தா: ஒப்பித்தாள். பேச்சை மாற்ற வேண்டாம். அந்தச் சுவரோவியத்துக்கு அளவு தவறிவிட்டதென்று 1932இல் தெரிந்ததும், மத்தீஸ் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். தாங்கள் ஒரே ஒரு வாக்கியத்தைத் திருத்த மறுக்கிறீர்கள்.

ரோஸ்ஹில் தம்பி: தோரணத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

மோக்கா ஆசிரியை: வாக்கியம் அப்படியே இருக்கும். வரும் சனிக்கிழமை பிரான்சின் வான்ஸ் ஊரில் மத்தீஸ் வடிவமைத்த தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிகளைப் பார்க்கிறோம். அவற்றுக்கும் மாதிரி வெட்டிய தாள்தான். பேத்தியிடம் முனை மழுங்கிய கத்தரிக்கோல் கொடுத்தனுப்புங்கள், இரண்டு வாரமாக மறந்து வருகிறாள்.

வாக்குவா தாத்தா: கொடுத்தனுப்புகிறேன். உறையின்மேல் 1931 என்று எழுதியிருக்கும்.