கடாரம் பார்க்க வருகிறவர்களிடம் எதிலிருந்து தொடங்குவது?

ஜெட்டிக்காரன் (ஜார்ஜ்டவுன்)

வணக்கம். பினாங்கில் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன், சொந்த வேன். சென்னையிலிருந்து நேரடி விமானம் வந்த பிறகு தமிழ்நாட்டு ஆட்கள் கூடியிருக்கிறார்கள். பாதிப் பேர் லெம்பா பூஜாங் போகக் கேட்கிறார்கள், பழைய கடாரத்தின், அதாவது இன்றைய கெடாவின், தொல்லியல் பள்ளத்தாக்கு அது. பாலத்தைத் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிடுவார்கள்: “ராஜேந்திர சோழன் படை இறங்குன இடத்தைக் காட்டுவீங்களா?” அங்குள்ள மெர்போக் அருங்காட்சியக வாசலில் நின்று “இது நாம ஆண்ட பூமி” என்று உரக்கச் சொல்லி வீடியோ எடுக்கிறவர்களும் உண்டு. பக்கத்தில் நிற்கும் மலாய்க் காவலருக்கு நம்மோடு பழகிப் பழகித் தமிழ் ஓரளவு புரியும். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

அடுத்த மாதம் ஒரு கலப்புக் குழு வருகிறது. மதுரையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அவர்களுடைய சீன, மலாய் நண்பர்கள். 1025இல் ராஜேந்திரன் கடாரத்தின் மீது படையெடுத்ததை மறைக்க எனக்கு மனமில்லை. அதோடு கதையை முடிக்கவும் பிடிக்கவில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

எஸ்பி டீச்சர் (சுங்கைப் பட்டாணி)

அண்ணே, படையெடுப்புக்கு முன்னாலும் பின்னாலும் என்ன நடந்தது என்று சொல்லுங்கள், போதும்.

1006 வாக்கில் கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரை கட்டுகிறார். தன் அப்பா பெயரில், சூடாமணி விகாரை. அதன் செலவுக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிக் கொடுக்கிறார் ராஜராஜன். கட்டியவர் பௌத்தர், நிலம் கொடுத்தவர் சிவபக்தர். அந்தக் கொடையைச் செப்பேட்டில் வெட்டி வைத்தவர் யார் தெரியுமா? அதே ராஜேந்திரன்தான். அப்புறம் அவரே கப்பல் படை அனுப்பினார். கடல் வணிகத்தில் யார் கை ஓங்குவது என்ற போட்டி என்றுதான் பலரும் காரணம் சொல்கிறார்கள்.

என் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பிளப்பது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். 1090இல், அதாவது சண்டை நடந்து 65 ஆண்டுக்குப் பிறகு, கடாரத்து அரசரின் தூதர்கள் இரண்டு பேர் சோழ அரசர் குலோத்துங்கனிடம் வருகிறார்கள். ராஜவித்யாதர சாமந்தன், அபிமானோத்துங்க சாமந்தன் என்று பெயரோடு இருக்கிறது. விகாரைக்கு விட்ட ஊர்களுக்கு வரிவிலக்குக் கேட்டு, செப்பேடாகவே வாங்கிப் போகிறார்கள். இரண்டு செப்பேடுகளும் டச்சுக்காரர்கள் வழியாக நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துக்குப் போய், அந்த ஊர்ப் பெயரிலேயே நிலைத்துவிட்டன. பெரியதில் 21 ஏடுகள். நல்ல படமாகப் பார்த்து அச்சடித்து வேனில் வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ எடுக்கிறவர் கையில் முதலில் அதைக் கொடுங்கள்.

சீன நண்பர்களுக்கு யிஜிங் துறவி. 671இல் காண்டனிலிருந்து புறப்பட்டு, நாளந்தா போகும் வழியில் கெடாவில் தங்கினார். மாலுமிகளுக்கு தூரத்திலேயே தெரிந்த அடையாளம் குனோங் ஜெராய் மலை. 1,217 மீட்டர், மேகம் இல்லாவிட்டால் உங்கள் வேனிலிருந்தும் தெரியும்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி (கோலாலம்பூர்)

டீச்சர் சொன்னதுதான் சரி. எனக்கு ஒரு ஆதங்கம். எங்கள் பேட்டையில் இந்திய அரசு அன்பளிப்பாகக் கட்டிய தோரண வாயில் இருக்கிறது. சாஞ்சி ஸ்தூபி வாயிலைப் போலவே செய்தது, 2015இல் இரு நாட்டுப் பிரதமர்களும் சேர்ந்து திறந்தார்கள். அழகுதான், நானே அங்கே நின்று படம் எடுத்திருக்கிறேன். ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான் பூஜாங்கில் 11ஆம் எண் சண்டி (பழங்காலக் கோயில்) நில மேம்பாட்டில் இடிபட்டது. புது வாயிலுக்கு ரிப்பன் வெட்ட ஆள் கிடைக்கிறார்கள், பழைய செங்கல்லைக் காக்கத்தான் ஆள் இல்லை. அந்தச் செப்பேடுகளின் நகலை மெர்போக்கில் ஒன்று, நாகப்பட்டினத்தில் ஒன்று என்று இரு அரசும் சேர்ந்து வைக்கட்டும். அதை நட்புறவு என்று ஒப்புக்கொள்கிறேன்.

பழைய துறைமுகம் (பட்டர்வொர்த்)

மெர்போக் வரை போவானேன், செபராங் பிறையிலேயே தொடங்குங்கள். புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவன் பயணம் நல்லபடி முடிய வேண்டி வெட்டிய கல் இங்கேதான் கிடைத்தது. ஐந்தாம் நூற்றாண்டுக் கல். 1834இல் ஜேம்ஸ் லோ கண்டெடுத்தார், இப்போது கல்கத்தா அருங்காட்சியகத்தில். அவன் வங்காளத்து ஆள், சோழன் இல்லை. அதையும் மதுரைக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள்!

எங்கள் அப்பா ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். பிறகு ஓடிய ‘சிதம்பரம்’ கப்பல் 1985இல் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தே நின்றுபோனது.

ஜெட்டிக்காரன்

எல்லோருக்கும் நன்றி. அப்படியானால் பட்டர்வொர்த்தில் கல்லின் கதை, ஜெராய் தெரிகிற இடத்தில் யிஜிங், மெர்போக் வாசலில் செப்பேடு. 1025ஐ மலைச்சரிவில் புக்கிட் பத்து பகாட் சண்டியின் படிக்கட்டில் உட்கார வைத்துச் சொல்கிறேன், ஆற்றுச் சத்தத்தில் யாரும் குரல் உயர்த்த முடியாது. டீச்சர், அந்தச் சனிக்கிழமை நீங்களும் வரலாமே? மதியச் சாப்பாடு என் செலவு.

எஸ்பி டீச்சர்

சனிக்கிழமை டியூஷன் இருக்கிறது. ஞாயிறு என்றால் வருகிறேன். அங்கே கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பார்கள், தண்ணீர் நிறைய வாங்கி வையுங்கள்.