மனுசன் மத்த உசுருகளைவிட மேலானவனா? கணக்கோட சொல்லுங்க

நொய்யல்கரை:
ஏனுங்க, கரையான் புத்துக்குள்ள காளான் வளர்த்துத் தின்னுட்டு கோடிக்கணக்கான வருசமா இருக்குது. நாம வெள்ளாமை பழகிச் சுமார் 10,000 வருசம். அதுக்குள்ள, 1992-ல நொய்யல் ஆத்துல பாசனத்துக்குன்னு கட்டி முடிச்ச ஒரத்துப்பாளையம் அணையைத் திருப்பூர்ச் சாயக்கழிவுத் தொட்டியாக்கிட்டோம். இதுல எது முன்னேற்றம்? தத்துவம் வேண்டாமுங்க.

சாயக்காரர்:
உப்புல இருந்து ஆரம்பிக்கணுமுங்க. தண்ணியில பருத்தியும் அதுக்குப் போடற ரியாக்டிவ் சாயமும் ரெண்டுமே எதிர்மின், ஒன்னையொன்னு தள்ளும். உப்புப் போட்டாத்தான் சாயம் நூலுக்குள்ள இறங்கும், சோடா ஆஷ் போட்டாத்தான் பிடிக்கும். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணி, அடர்நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம்னு வச்சா 480 கிராம் உப்பு. துணி எடையில பாதி! அலசி முடிச்சா அத்தனையும் கழிவுத்தண்ணியோட வெளிய வந்துரும்.

நுண்ணுயிர்த் தொட்டி அழுக்கைத் தின்னும், நிறத்தையும் ஓரளவு குறைக்கும், உப்பைத் தொடாது. குடிதண்ணியில கரைஞ்ச உப்புக்கு வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேற தண்ணியே இல்லாத ஊருக்கு 2,000. அந்த 480 கிராமை 2,000-க்கு இறக்கக் கலப்பில்லாத தண்ணி 240 லிட்டர் வேணும், ஒரே ஒரு கிலோ துணிக்கு. மழைக்காலம் போனா வத்திக் கிடக்கிற நொய்யல் எங்க போகும்?

2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் சொட்டு வெளிய விடாத முறை இறுகுச்சு. ஆர்.ஓ.வுல (அழுத்தத்துல சவ்வு வழியா வடிகட்டறது) நல்ல தண்ணி பிரியும். மிச்சத்தைக் காய்ச்சி உப்பா எடுக்கறாங்க. முன்னாடியே கடினத்தன்மையை எடுக்கலீன்னா சவ்வுல சுண்ணாம்பு படிஞ்சு அடைச்சுக்கும். கடைசியில நிக்கிற கலப்பு உப்புதான் தலைவலி: மறுபடி சாயத்துக்கு ஆகாது, வாங்கவும் ஆளில்ல, நனையாம மூட்டை கட்டிக் கொட்டகையில அடுக்கி வைக்கணும். கரையான் காளானுக்கு உரமான தன் கழிவையே காளானோட சேர்த்துத் திங்குது. இந்த ஒரு பாடத்துல நாம ஃபெயிலுங்க.

கொறங்காட்டான்:
கழிவை மட்டும் வச்சு மார்க் போட்டா ஒருதலைப்பட்சமுங்க. மாட்டுக்கு வர்ற வெக்கை நோயை (ரிண்டர்பெஸ்ட்) உலகத்துலயே இல்லாமப் பண்ணியாச்சு, அறிவிச்சது அதே 2011-ல. தடுப்பூசியைக் குளிர்ச்சி கெடாமக் கொண்டு போய் ஊர் ஊராப் போட்டு, நோய் தங்கின இடத்தைத் தேடித்தேடி முடிச்ச வேலை. இன்னொரு உசுரோட நோயை வேரறுத்த உசுரு வேற எது? (பாலும் ஏரும் நமக்கு வேணுமேன்னுதான் செஞ்சோம், அதையும் சொல்லோணும்.)

கொறங்காடும் (வேலி போட்ட மேய்ச்சல் காடு) அப்படித்தான். சும்மா விட்டா ஆடு கொழுக்கட்டைப் புல்லை வேரோட கரும்பிரும். கிளுவை வேலி கட்டித் துண்டம் துண்டமா மாத்தி மேய்க்கறதாலதான் புல்லு திரும்பத் துளுக்குது.

ஆனா அதே காட்டுல ஒரு கோளாறு நடக்குது. புழு, உண்ணிக்குன்னு ஐவர்மெக்டின் ஊசி போட்ட மாட்டோட சாணியில மருந்து சில வாரம் இறங்கும். அதைத் திங்கிற சாணி வண்டுப் புழு செத்துப் போகும். சாணி உருளாம வறட்டியாக் காஞ்சு புல்லை மூடிக்கும்.

நொய்யல்கரை:
அப்ப புழுநீக்கம் பண்ணவே கூடாதுங்களா?

கொறங்காட்டான்:
பண்ணணுமுங்க, பரிசோதிச்சுட்டு. சாணியைக் கால்நடை மருந்தகத்துல கொடுத்துப் பார்த்து, குடல்புழு முட்டை இருந்தா மட்டும். குடல்புழு மட்டும்னா ஃபென்பென்டசோல் பத்துமான்னு டாக்டரைக் கேளுங்க, வண்டுக்குச் சேதம் ரொம்பக் கம்மி. ஆனா உண்ணிக்கு அது கேட்காது. உண்ணிக்கு முதுகுல ஊத்தற டெல்டாமெத்ரினும் சாணி வழியா வண்டைக் கொல்லும். எதைப் போட்டாலும் அந்த மாட்டைச் சில வாரம் கட்டுத்தறியில வச்சுத் தீவனம் போடுங்க, சாணியைக் குப்பைக்குழியில தள்ளுங்க.