ஒரே மரபணு மாற்றம், இரண்டு தீர்ப்பு: துல்லிய மருத்துவப் பயிற்சியில் கண்டவை

பல ஆய்வகங்கள் சேர்ந்து இளம் ஆய்வாளருக்குப் பயிற்சி நடத்தினால், விரிவுரையை அரை நாளோடு முடித்துவிடுங்கள். மீதி நேரத்தில், வெவ்வேறு ஆய்வகத்திலிருந்து வந்த இருவர் ஒரே மரபணு மாற்றத்தை, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல், அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரியின் 2015 வழிகாட்டுதல்படி (ஏசிஎம்ஜி), 'நோய் தருவது' முதல் 'தீங்கற்றது' வரையிலான ஐந்து வகைகளில் ஒன்றில் போடட்டும். அந்த வழிகாட்டுதலின் எந்தச் சான்றுக் குறியீட்டை ஏன் கொடுத்தார்கள் என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள். முடிவு ஒன்றாகவும் காரணம் வேறாகவும் இருக்கும் தாளை முதலில் விவாதத்துக்கு எடுங்கள்.

நம்மவர்களுக்குப் பொருத்தமான கேஸ், இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருக்கும் நீக்கம். தெற்காசியரில் ஏறக்குறைய 4 விழுக்காட்டினரிடம் இருக்கிறது. ஆனாலும் புதியவர்கள் சிலர் இதை 'மிக அரிது' என்று எழுதித் தருவார்கள். நீக்கத்தின் இரு பக்கமும் ஒரே மாதிரி எழுத்துகள் இருந்தால் ஒவ்வொரு மென்பொருளும் அதை ஒவ்வோர் இடத்தில் குறிக்கும். பிசிஎஃப்டூல்ஸ் மென்பொருளின் 'நார்ம்' கட்டளையைப் போட்டு, இடத்தை இடப்பக்கமாக ஒதுக்கிச் சீராக்காமல் தேடினால் தரவுத்தளம் 'இல்லை' என்றுதான் சொல்லும். அந்த 'இல்லை'யை நம்பி, 'பொது மக்களிடம் காணப்படாதது, நோய் தரக்கூடும்' என்ற பிஎம்2 குறியீட்டைக் கொடுத்துவிடுவார்கள். மனித மரபணுத் தொகுதியின் ஜிஆர்சிஎச்37 பதிப்பில் உள்ள இட எண்ணை வைத்துக்கொண்டு 38-ஆம் பதிப்பில் தேடினாலும் இதே கதைதான்.

அதே கேஸில் அடுத்த குழி, உலகச் சராசரி. தரவுத்தளத்தில் தெற்காசியர் வரிசையைத் தனியாகத் திறக்கச் சொல்லுங்கள். 'இவ்வளவு பரவலாக இருந்தால் தீங்கற்றதுதான்' என்று தனியாகவே முடிவுசெய்யும் பிஏ1 குறியீட்டுக்கு வேண்டிய 5 விழுக்காட்டை இது எட்டாது. ஆனால் இந்த மரபணுவோடு தொடர்புடைய இதயத் தசைத் தடிப்பு நோயே சுமார் 500 பேரில் ஒருவருக்குத்தான். அதனால் பிஎஸ்1 ('நோயின் அளவுக்கு மிஞ்சிய பரவல்' என்ற, தீங்கற்றது பக்கம் சாயும் குறியீடு) பொருந்துமா என்று நல்ல சண்டை கிளம்பும், கிளம்பட்டும்! 2009-இல் நோயோடு முடிச்சுப் போடப்பட்ட நீக்கம் இது. பிற்பாடு, சிலரிடம் இதோடு ஒட்டி வரும் இன்னோர் இன்ட்ரான் (மரபணுவில் புரதத்துக்குக் குறியீடு தராத பகுதி) மாற்றமே ஆபத்துக்குக் காரணம் என்று ஆய்வு காட்டியது. விடைத்தாளைக் கொடுக்கும்போது இந்தப் பின்கதையையும் சேர்த்துக் கொடுங்கள். சிங்கப்பூரின் எஸ்ஜி10கே மரபணுத் தொகுதித் திட்டத்தின் முன்னோடித் தரவு (2019, 4,810 பேர், சீனர், மலாய்க்காரர், இந்தியர்) உள்ளூர் ஒப்பீட்டுக்கு உதவும்.

குழுவில் மருந்தாளர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். வலிப்பு மருந்தான கார்பமசெபின் தொடங்கும் ஆசிய வம்சாவளி நோயாளிக்கு, கடும் தோல் எதிர்வினை ஆபத்தைக் காட்டும் எச்எல்ஏ-பி*15:02 மரபணு வகைக்கான சோதனை சிங்கப்பூரில் 2013 முதல் வழக்கம். ஆய்வகத்துக்காரர் 'நெகட்டிவ்' என்றதும் கோப்பை மூடிவிடுவார். தோல் எதிர்வினை அப்போதும் வரலாம், பல மாதமாகச் சிக்கலின்றிச் சாப்பிடுபவருக்குச் சோதனை தேவைப்படாது என்பதையெல்லாம் மருந்தாளர்தான் எழுப்புவார்.

நோயாளி தரவைப் பயன்படுத்தும் அனுமதியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஒரு மருத்துவமனையின் நெறிமுறைக் குழு தந்த ஒப்புதல் இன்னொரு பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளருக்குத் தானாகச் செல்லாது, பெயரைத் திருத்த மனுவில் சேர்க்க வேண்டும். அது வரும்வரை பொதுத் தரவிலோ செயற்கைத் தரவிலோ பழகட்டும். நோயாளி தரவை யாருடைய மடிக்கணினிக்கும் இறக்கக்கூடாது. நிரலைத் தரவு இருக்கும் சர்வருக்கு அனுப்பி, முடிவு அட்டவணையை மட்டும் வெளியே எடுங்கள். அதுவும், ஆள் யாரென்று தெரிந்துவிடாதபடி, ஒன்றிரண்டு பேர் மட்டும் உள்ள அட்டவணைக் கட்டங்களை மறைத்த பிறகு!