ஷாட்கன் வீட்டின் முக்கியத்துவத்தை எப்படி எழுதுவது?

நிலைப்படி கேட்டது:

லூசியானாவில் மரபுக் கட்டடப் பாதுகாப்பு படிக்கிறேன். நியூ ஆர்லியன்ஸில் ஒரு ஷாட்கன் வீட்டை அளந்து வரைந்துவிட்டேன். அகலவாட்டில் ஒரே அறை, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறைகள். நடைவழி கிடையாது, சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் படுக்கும் அறையைக் கடந்துதான் போக வேண்டும். கட்டியவர் யாரென்று தெரியாது. முகப்பில் செதுக்கு வேலை எதுவும் இல்லை. அறிக்கையில் ‘கட்டடக்கலை முக்கியத்துவம்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. மனை குறுகல், அதனால் வீடும் குறுகல் என்பதைத் தவிர எழுத ஒன்றும் தோன்றவில்லை. வேறு என்ன சொல்லலாம்?

தச்சன்மகள்:

தம்பி, அந்த ‘மனை குறுகல்’ வாதத்தை முதலில் தள்ளி வையுங்கள். நியூ ஆர்லியன்ஸில் 30 அடி அகல மனைகள் நிறைய உண்டு, சரி. ஆனால் நிலத்துக்குப் பஞ்சமே இல்லாத தோட்டப் பண்ணைகளிலும் இதே வீட்டைத்தான் கட்டினார்கள். அங்கே குறுக்கிக் கட்டச் சொல்லி யார் நெருக்கினார்கள்?

இதற்கு விடை தேடியவர் ஜான் மைக்கேல் வ்லாக் என்ற நாட்டாரியல் ஆய்வாளர். 1976-இல் வெளியான கட்டுரைகளில் இந்த வீட்டின் தடத்தை ஹைத்திக்கும், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் யோருபா மக்களுக்கும் கொண்டுபோனார். யோருபாக்களின் இரண்டு அறை வீடு, ஹைத்தித் தீவின் பூர்வகுடிகளான அரவாக்குகளின் குடிசை வடிவம், பிரெஞ்சுக்காரர்களின் மரச்சட்ட வேலை, இந்த மூன்றும் ஹைத்தியில் கலந்தன என்பது அவர் முடிவு. ஹைத்திப் புரட்சிக்குப் பின் கியூபாவில் தங்கியிருந்த அகதிகள் 1809-இல் ஆயிரக்கணக்கில் நியூ ஆர்லியன்ஸ் வந்து இறங்கினார்கள். அவர்களில் கட்டடத் தொழில் தெரிந்த, அடிமைத்தளை இல்லாத கறுப்பினத்தவரும் இருந்தார்கள்.

அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களிடமிருந்து மொழியையும் பெயரையும் பிடுங்கினார்கள். அறையை எவ்வளவு அகலம் வைப்பது, வாசலை எந்தப் பக்கம் திறப்பது என்ற பழக்கத்தைப் பிடுங்க முடியவில்லை. நீங்கள் அளந்த தரைப்படம் அதற்குச் சாட்சி. எனக்கு ஒரு மாளிகையின் தூண்களைவிட இதுதான் பெரிய விஷயம்.

அப்புறம், கட்டியவர் பெயர் தெரியாததைக் குறையாக எழுதாதீர்கள். காக்கத்தக்க இடங்களின் பட்டியலான அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பதிவேடு 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கிறது. அதன் ‘சி’ அளவுகோல், ஒரு கட்டட வகை, காலம் அல்லது கட்டும் முறையின் தனித்த இயல்புகளைக் காட்டினாலே போதும் என்கிறது. பெரிய கலைஞரின் கைவேலை என்பது அதில் இன்னொரு வழி மட்டுமே. ஆகவே உங்கள் வீடு அந்த வகைக்கு எவ்வளவு நேர்மையான சான்று என்பதை நிறுவுங்கள். தெருவைப் பார்த்த குறுகிய பக்கம், முக்கோணச் சுவர் முன்னால் வரும் கூரை, அறைகளின் வரிசை, கதவுகள் நேர்க்கோட்டில் இருக்கின்றனவா இல்லையா, எல்லாம் எழுதுங்கள்.

ஓட்டுக்கூரை:

மேலே சொன்னதோடு ஒன்று. மிசிசிப்பி மாநிலத்தின் டுபெலோவில் பாடகர் எல்விஸ் பிரஸ்லி பிறந்த வீட்டைப் பாருங்கள். அதுவும் இரண்டு அறை ஷாட்கன் வீடுதான். அவர் தந்தை 180 டாலர் கடன் வாங்கிக் கட்டியது. அவர் பிறந்தார் என்பதற்காக அதைக் காப்பாற்றினார்கள். பிரபலம் யாரும் பிறக்காத வீடுகளைத் தெருத்தெருவாக இடித்தார்கள். ஹூஸ்டனில் 1993-இல் ‘புராஜெக்ட் ரோ ஹவுசஸ்’ என்று கலைஞர்கள் சேர்ந்து 22 ஷாட்கன் வீடுகளை மீட்டார்கள். தனி வீடாகப் பார்த்தால் சாதாரணம். வரிசையாக நிற்கும்போது திண்ணைகள் எதிரும் புதிருமாகப் பேசிக்கொள்ளும் ஒரு குடியிருப்பு. உங்கள் வீட்டின் பக்கத்து வீடுகளையும் வரைபடத்தில் சேருங்கள்.

நிலைப்படி:

நன்றி அக்கா, நன்றி ஓட்டுக்கூரை. பின்னால் குளியலறையைப் பிற்காலத்தில் ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். ‘பழைய நிலை’ வரைபடத்தில் அதை விட்டுவிடலாமா?

தச்சன்மகள்:

விடாதீர்கள். இருப்பதை இருக்கிறபடி ஒரு படம் கட்டாயம் வேண்டும். பழைய நிலை என்பது உங்கள் ஊகம், அதைத் தனித் தாளில் போடுங்கள். ஒட்டு எப்போது வந்தது என்பதை மரமே ஓரளவு சொல்லும். பலகையில் வளைந்த அறுப்புத் தடம் இருந்தால் வட்ட ரம்பம். ஆணி சப்பையாக, நான்முகமாக இருந்தால் பெரும்பாலும் 1890-க்கு முந்தைய வெட்டு ஆணி. உருண்டைக் கம்பி ஆணி என்றால் அதற்குப் பிந்தையது. பழைய மரத்தை எடுத்து மறுபடி பயன்படுத்துவது சகஜம் என்பதால் ஒரே ஆணியை நம்பித் தேதி போட வேண்டாம். சட்டமும் பலகையும் சேரும் இடங்களில், ஒட்டின் இரண்டு பக்கமும் பாருங்கள். கிடைத்ததைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.