மீன் வெட்டுற கத்திக்குப் பிடி: கருங்காலியா, முதிரையா?

வாவிக்கரை (கல்லடி):
அண்ணன்மாரே, மீன் வெட்டுற கத்தி ஒண்டுக்குப் புதுப் பிடி போடணும். அலகு 10 அங்குலம். பிடிக்குள்ள இரும்பு கடைசி வரைக்கும் போகுது, 5 மில்லிமீற்றர் ஓட்டை மூண்டு இருக்கு. பழைய பலகை ரெண்டும் ஊறிப் போய் ஆணி ஆடுது. கருங்காலிப் பலகை, பித்தளை ஆணி, மேல பளபளப்பா வார்னிஷ் எண்டு யோசிச்சு வச்சிருக்கன். மான் கொம்பு இன்னும் எடுப்பா இருக்கும் எண்டும் ஒரு கதை. சுவரில மாட்டுற கத்தி இல்ல இது. அறக்குளா, சூரை எண்டு விடியக்காலம் துவங்கி வெட்டுற கத்தி. வடிவும் கெடாம வேலைக்கும் தோதா என்ன போடலாம்?

கம்மாலைக்காரன் (களுவாஞ்சிக்குடி):
தம்பி, மான் கொம்பை முதல்ல மறந்திருங்க. புள்ளிமானும் மரையும் 1937ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குள்ள வாற மிருகங்கள். ஒரு கத்திப் பிடிக்காக வழக்குக்குப் போறது தேவையில்லாத வேலை.

கை வழுக்குறதுக்கு மரத்தை விடப் பிடிட உருவந்தான் கூடக் காரணம். உருட்டுப் பிடி கைக்குள்ள சுத்தும். அலகு எந்தப் பக்கம் பாக்குது எண்டு கைக்குத் தெரியாது. குறுக்கா வெட்டிப் பாத்தா முட்டை வடிவம் வரணும்: உயரம் 30 மி.மீ. அளவு, தடிப்பு 20 முதல் 22 மி.மீ. நீளம் 12 செ.மீ. போதும், பெரிய கையெண்டா 13. சுட்டுவிரல் வாற இடத்துக்கு முன்னால பிடி கீழ்நோக்கி இறங்கணும். சூரைத் தலையை அமத்தி வெட்டக்குள்ள கை அலகுக்குப் போகாம மறிக்கிறது அந்த இறக்கந்தான். பின்முனையும் கீழ்ப்பக்கமா 5, 6 மி.மீ. தள்ளி நிக்கட்டும், கத்தியை இழுக்கக்குள்ள கையை விட்டு உருவாது.

விரலுக்கு விரல் குழி வெட்டுறவங்க இருக்காங்க. படத்துல நல்ல வடிவு. ஆனா மீனைத் திருப்பித் திருப்பி வெட்டக்குள்ள பிடியை மாத்திப் பிடிக்கத்தானே வேணும்? அந்த நேரம் குழிட விளிம்பு விரலைக் கடிக்கும்.

வார்னிஷ் வேணவே வேணாம். மீன் சளி பட்டா சவுக்காரக் கட்டியைப் பிடிச்ச மாதிரி இருக்கும். மறுகா ஓரத்துல உரியத் துவங்கினா தண்ணி உள்ள போகும், வெளிய வர வழியில்ல, மரம் கறுக்கும்.

சாய்ந்தமருது நானா:
தம்பி, கருங்காலி பாரமான மரம். மெல்லிய கத்தி எண்டா எடை பின்னுக்குப் போய் அலகு லேசாத் தெரியும். அதோட, சரியாக் காயாத கருங்காலி மெல்லிய பலகையா அறுத்தாப் பிறகு வெடிக்கும், அதுவும் ஆணி ஓட்டையில இருந்துதான் கீறல் துவங்கும். காட்டு மரம் எண்டா அனுமதிப் பிரச்சினை வேற. பழைய கதிரைக் கால் உடைஞ்சது கிடைச்சாப் பாருங்க.

என்னைக் கேட்டா முதிரை. கிழக்குல தச்சுப் பட்டறைகள்ல துண்டு கிடைக்கும், பொன்நிறத்துல அலையோடும், வடிவுக்கு வேற ஒண்டும் வேணாம். நெருக்கமான மரம், தண்ணி லேசுல ஏறாது. ஒரு குறை: அதுட தூள் சில பேருக்குத் தோல்ல கடியும் தடிப்பும் தரும். தேய்க்கக்குள்ள முகமூடியும் முழுக்கைச் சட்டையும் போடுங்க.

வடிவு ரெண்டாம் பட்சம் எண்டா கொய்யா, புளி ரெண்டுமே உரம். அடி பட்டாலும் லேசுல பிளக்காது. தேக்குல எண்ணெய் இருக்கிறதால பசை பிடிக்க முந்தி தின்னர் தொட்டுத் துடைக்கணும். பனஞ்சிறாம்பு பாக்க வரி வரியா அழகு, ஆனா நார் கிளம்பிக் கையில ஏறும். ஈரக் கைக்குள்ள சிறாம்பு ஏறினா தெரியுந்தானே.

எந்த மரமெண்டாலும் எப்ப செய்யிறீங்க எண்டதும் முக்கியம். மாரியில ஈரம் குடிச்ச பலகையைப் பூட்டினா, வறண்ட கச்சான் காத்து வீசக்குள்ள சுருங்கி ஆணித்தலை கையில தட்டும். துண்டை அறுத்து, அளவை விட 3 மி.மீ. கூட வச்சு, வீட்டுக்குள்ள காத்தோட்டமான நிழல்ல கிடக்க விடுங்க. சமையலறைத் தராசுல கிழமைக்கொருக்கா நிறுத்துப் பாத்து, எடை குறையிறது நிண்டாப் பிறகு எடுங்க.

துறையடி (வாழைச்சேனை):
நானா சொல்லுறது வீட்டுக் கத்திக்குச் சரி. கடைக் கத்திக்கு மரத்தையே நான் சொல்ல மாட்டன். பலகைக்கும் இரும்புக்கும் இடையில மயிரிழை இடைவெளி இருந்தாலே ரத்தமும் உப்புத்தண்ணியும் இறங்கும். இரும்பு துருவா மாறினா முந்தியதை விடக் கூட இடம் பிடிக்கும். அந்தத் துரு பலகையை வெளிய தள்ளும். உங்கட பழைய ஆணி ஆடுறதுக்கு அதுதான் காரணமா இருக்கும், கழட்டிப் பாருங்க. அச்சுல வார்த்த பிளாஸ்டிக் பிடி போட்ட கத்தியில இந்த இடைவெளியே இல்ல.

சைக்கிள் டியூப் சுத்துறது அதை விட மோசம். பிடி வழுக்காது, உண்மை; உள்ள தண்ணி தேங்கி இரும்பைத் திண்டுரும். வெள்ளை வெட்டுப்பலகையை அறுத்துப் பிடி போடுறதும் சரிவராது. அந்த பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக்ல எந்தப் பசையும் ஒழுங்கா ஒட்டாது, ஆணி மட்டுந்தான் தாங்கும், இடைவெளி அப்படியே கிடக்கும்.

வாவிக்கரை:
கழட்டினன், துறையடி அண்ணன் சொன்ன மாதிரி உள்ள முழுக்கத் துருதான். ஆனாலும் பிளாஸ்டிக்குக்கு மனம் வரல்ல. முதிரை போடுறன். இடைவெளி இல்லாமப் பூட்டுறது எப்படி? எருமைக் கொம்பு பற்றியும் ஒருக்காச் சொல்லுங்க.

கம்மாலைக்காரன்:
எருமைக் கொம்பு ஈரமும் சூடும் மாறி மாறிப் பட்டா வளையும், மினுக்கினா வழுக்கும். மீன் கத்திக்கு அது வேணாம்.

துருவை முழுக்கச் சுரண்டி, இரும்பை 80ஆம் நம்பர் தேய்க்கிற தாளால (சான்ட்பேப்பர்) சொரசொரப்பாக்குங்க. பலகைட உள்பக்கம் தட்டையா இருக்கணும்: கண்ணாடி மேல தாளை விரிச்சுத் தேய்ங்க, பலகையையும் இரும்பையும் சேத்து வெளிச்சத்துல பிடிச்சா ஒளி ஊடுருவக் கூடாது. ஒரு பலகையை இறுக்கிப் பிடிச்சு, இரும்புல இருக்கிற ஓட்டை வழியாவே 5 மி.மீ. துளை போடுங்க, மறுகா மற்றதை. அலகுப் பக்கம் வாற முன்விளிம்பை ஒட்ட முந்தியே தேய்ச்சு முடிக்கணும், பிந்தினா அலகுல கீறல் விழும்.

பசை ரெண்டு குழாய் இப்பொக்சி, மெதுவா இறுகுற வகை. அஞ்சு நிமிஷத்துல இறுகுறது தண்ணிக்கு நிக்காது. ஓட்டைக்குள்ளயும் ஆணியிலயும் பூசுங்க. பித்தளை தொடுற இடத்துல உப்புத்தண்ணி பட்டா இரும்பு கெதியா அரிக்கும், அதை அடைக்கிறது அந்தப் பசைதான். பலகையை அமத்திப் பிடிக்கிற குறடை (கிளாம்ப்) மட்டுமட்டா இறுக்குங்க. பலத்தைப் போட்டு இறுக்கினா பசை முழுக்க வெளிய பிதுங்கி மூட்டு வறண்டு போகும். பிதுங்கினதை இறுகமுந்தி தின்னரால துடைச்சு, ஒரு நாள் முழுக்க அசைக்காம விடுங்க. ஆணித்தலையை விரிக்கிறதா இருந்தா ரெண்டு பக்கமும் ஒரு மி.மீ. விட்டுச் சின்னச் சுத்தியலால சுத்தி வரத் தட்டுங்க. ஓங்கி அடிச்சா முதிரையும் பிளக்கும்.

தேய்க்கிறதை 220ஆம் தாளோட நிப்பாட்டுங்க. மெஷின்ல தேய்ச்சா ஆணி சூடாகிப் பசை இளகும், இடைக்கிடை தொட்டுப் பாருங்க.

சாய்ந்தமருது நானா:
மேல பூச லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய், காய்ச்சாத பச்சை எண்ணெய். மெல்லிசாப் பூசி, கால் மணித்தியாலத்தால துடைச்சு, நாலைஞ்சு நாள் காய விட்டு, அப்படி மூணு தரம். தேங்காயெண்ணெய் காயாது, பிசுபிசுத்து ஊசிப் போகும். லின்சீட் துடைச்ச துணியைச் சுருட்டிப் போட்டா தானாவே தீப்பிடிக்கும், விரிச்சுக் காயப்போட்டு எறியுங்க. கத்தியைக் கழுவின உடன துடைங்க, தண்ணி வாளிக்குள்ள ஊற விடாதீங்க.